கடனும் கஷ்ட காலமும்

1933-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 27-ஆம் தேதியன்று அமெரிக்காவில் அயோவா மாகாணத்தைச் சேர்ந்த லெ மார்ஸ் என்னும் சிற்றூரில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட குடியானவர்கள் கச்சேரியில் புகுந்து, நியாயாதிபதி சார்லஸ் பிராட்லியை ஆசனத்திலிருந்து இழுத்து, ஊருக்கு வெளியே கொண்டுபோய், அவர் கழுத்தில் சுருக்குக் கயிற்றை மாட்டினார்கள். இனி அடமான நிலங்களைப் பறிக்கும் உத்தரவுகளில் கையெழுத்திடுவதில்லை என்று அவர் சத்தியம் செய்து கொடுக்கவேண்டும் என்பதே அவர்கள் கோரியது. அவர் இணங்கவில்லை. உயிருக்குச் சேதமின்றி அவரை விட்டுச் சென்றார்கள். மாகாண கவர்னர் ராணுவத்தை வரவழைத்தார்.

இச்செயலை யாரும் நியாயமென்று சொல்லமாட்டார். ஆயினும், சட்டத்துக்கு அடங்கி வாழ்ந்த உழவர்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது எது என்று கேளாமல் இருப்பது விவேகமாகாது. விலைவாசி நன்றாயிருந்த நாளில் வாங்கிய கடனுக்கு, விலை விழுந்த நாளிலும் அதே டாலரைக் கொட்டவேண்டியிருந்தது. அயோவாவில் மக்காச்சோளம் விலைபோகாமல், கரிக்குப் பதிலாக அதை அடுப்பில் எரித்தவர்களும் உண்டு. தேசமெங்கும் ஆயிரக்கணக்கான பாங்குகள் மூடுண்டன. உழைக்கத் தகுந்தவர்களில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் வேலையின்றி நின்றார்.

நம் ராஜதானியின் கதியும் அப்போது வேறாக இருக்கவில்லை. சில வருஷங்களுக்குள் நெல் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. ஒரு மூட்டை நெல் விற்றுக் கட்டிய வட்டிக்கு இரண்டு மூட்டை விற்கவேண்டியதாயிற்று. பத்திரத்தில் எழுதிய தொகை மாறவில்லை. அதன் பாரம் மட்டும் இரட்டித்தது. ரப்பர் விலை விழுந்ததால் மலாய் நாட்டுத் தோட்டங்களிலிருந்து 1930 முதல் 1932 வரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் போய்ச் சேர்ந்த கிராமங்களிலோ ஏற்கெனவே கடன் கழுத்தை நெரித்துக் கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட காலத்தில் ஒப்பந்தத்தின் புனிதம் என்பது எதுவரை செல்லும்? இரண்டு தேசங்களிலும் இக்கேள்வி நியாயஸ்தலத்தின் வாசலுக்கு வந்தது. எந்த மாகாணமும் ஒப்பந்தக் கடமையைக் குலைக்கும் சட்டம் செய்யலாகாது என்று அமெரிக்க அரசியல் சாஸனம் விதிக்கிறது. மினசோட்டா மாகாணமோ 1933-இல், அடமானச் சொத்தை மீட்கும் தவணையை நீட்டிக்க இடங்கொடுத்து ஒரு சட்டம் செய்தது. கடன் ரத்தாகவில்லை. கடனாளி நியாயமான வாடகையைச் செலுத்திக்கொண்டு தன் வீட்டிலேயே இருக்கலாம். அவ்வளவுதான். 1934 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் இச்சட்டம் செல்லுமென்று தீர்ப்பளித்தது. மறு வருஷம் உழவர் கடன் சம்பந்தமான மற்றொரு சட்டத்தை அதே கோர்ட்டு ஏகமனதாகத் தள்ளியது. அமெரிக்கக் காங்கிரஸ் அதைத் திருத்தி மீண்டும் இயற்றிற்று. 1937-இல் அது நிலைத்தது.

சென்னையில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொணர்ந்தது. இது மினசோட்டாச் சட்டத்தைவிடத் துணிவுள்ளது. 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முன் பட்ட கடனுக்கு, 1937 அக்டோபர் முதல் தேதியன்று நின்ற வட்டி பாக்கி முழுவதும் ஒழிந்தது. அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் அசலும் தீர்ந்தது. வட்டி அசலுக்கு மேற்படலாகாது என்னும் தாம்துபட் விதி இந்து தர்ம சாஸ்திரத்தில் உள்ளதே. ஆகையால் நம் ஜனங்களுக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. புரோநோட்டுக் கடனில் தலையிட மாகாணச் சட்டசபைக்கு அதிகாரமில்லை என்று கடன் கொடுத்தவர்கள் பெடரல் கோர்ட்டு வரையில் வழக்காடினார்கள். ஆயினும் 1940-இல் சட்டம் தப்பியது.

சட்டம் நல்லது. அதன் எல்லை எங்கே நின்றது என்பதையும் பார்ப்போம். விவசாய நிலத்தில் பாத்தியதை உள்ளவனுக்கே அந்த நிவாரணம். பெரம்பூர் ஆலைத் தொழிலாளியும் ராயபுரம் துறைமுகக் கூலியும் அதற்கு அப்பாற்பட்டவர்கள். தொழில் நகரங்களில் மிகப் பல இடங்களில் மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களுக்குக் குறையாமல் கடனில் உழல்கின்றன என்று 1931-லேயே தொழிலாளர் ராயல் கமிஷன் எழுதியிருந்தது. சர்க்கார் அதை அறியாமலில்லை. சிறு சம்பளத்தை ஜப்தி செய்யலாகாதென்று 1937-இல் சிவில் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தியது ஓர் உபகாரமே. ஆனால் உழவனுக்குக் கிடைத்த வட்டி ஒழிப்பு ஆலைக்காரனுக்குக் கிட்டவில்லை. வருமானத்தை மட்டும் அளவாக வைத்து, நகரத்து ஏழையையும் சேர்த்துக்கொண்ட கடன் நிவாரணச் சட்டங்கள் தமிழ்நாட்டில் வருவதற்கு 1970-களின் பிற்பகுதி வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

அமெரிக்கா இவ்விஷயத்தில் முந்திக்கொண்டது. 1933-இல் ஸ்தாபித்த வீட்டுக் கடன் ஸ்தாபனத்தின் மூலம், நகரங்களில் வீடிழக்க இருந்த சுமார் பத்து லட்சம் பேருடைய அடமானங்களை அது நீண்ட தவணைக்கு மாற்றிக் கொடுத்தது. அங்கும் பூரண நீதி நிலவியதாகச் சொல்வதற்கில்லை. 1935-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வயற்கூலிகளுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் இடமில்லை. நீக்ரோ ஜனங்களில் மிகப் பலர் அவ்விரு தொழில்களிலேயே இருந்தார்கள். ஆக, எந்தத் தேசத்திலும் நிவாரணம் முதலில் போய்ச் சேர்வது, சட்டசபையில் பேச ஆளுள்ளவனிடமே.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். 2020 மார்ச்சில் கொரோனா நோயால் தேசம் முழுவதும் அடைக்கப்பட்டபோது, ரிசர்வ் பாங்கு ஆறு மாதம் வரை தவணைகளை ஒத்திவைக்க இடங்கொடுத்தது. ஒத்திவைத்த காலத்துக்கு வட்டி முழுவதையும் தள்ள முடியாது, வட்டிக்கு வட்டி மட்டும் கூடாது என்று 2021 மார்ச் 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு முடிவு கூறியது. நல்லது, ஆனால் அச்சலுகை யாருக்கு? பாங்கிலும் பதிவு பெற்ற கம்பெனியிலும் கடன் வாங்கியவருக்கு. எம்.கே.பி. நகரிலும் வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் தண்டலுக்கு வாங்கி ஆட்டோ ஓட்டுகிறவரும், இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாளும் ரிசர்வ் பாங்கின் சுற்றறிக்கையைக் காட்டி யாரை நிறுத்த முடியும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்களின் வலை முடங்கியது, வட்டி முடங்கவில்லை.

அநியாய வட்டியைத் தடுக்க 2003-இல் ஒரு சட்டமும், பலாத்கார வசூலைத் தடுக்க 2025-இல் ஒரு சட்டமும் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டுள்ளன. இவை கடன் கொடுத்தவனின் குற்றத்தைத் தண்டிப்பவை. குற்றம் எவரிடத்தும் இல்லாமல், காலமே கெட்டுப்போகும் சமயத்துக்கு இவை போதா. அதற்கு வேண்டியது மினசோட்டாவும் சென்னையும் கண்ட வழி. பேரிடர் என்று சர்க்கார் அறிவிக்கும் பிரதேசத்தில், அறிவித்த நாள் முதல் குறித்த காலம் வரை சிறு கடன்களின் வட்டி ஏறாமல் நிற்கவேண்டும். பாங்குக் கடனுக்கு ஒரு விதி, தண்டலுக்கு வேறு விதி என்றிருக்கலாகாது. 1936-ஆம் வருஷச் சட்டம் குடியானவர்களுக்காகக் கடன் சமரச போர்டுகளை ஏற்படுத்திற்றே, அத்தகைய போர்டு ஒன்று வடசென்னையின் ஒவ்வொரு வட்டாரத்திலும் வேண்டும்.

கடன் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்களில் பலர் சிறு மூலதனக்காரர்கள் என்பதை நாம் மறக்கவில்லை. அவர்கள் அசலை இழக்கவேண்டுமென்று நாம் கோரவுமில்லை. வெள்ளமும் நோயும் உண்டாக்கிய நஷ்டத்தில் கடனாளி ஒரு பங்கைச் சுமக்கும்போது, வட்டி வாங்குபவரும் ஒரு பங்கைச் சுமப்பதே தர்மம். கெட்ட காலத்திலும் முழு வட்டியையும் கறந்தால், கடனாளி ஊரைவிட்டு ஓடுவான். அப்புறம் அசலும் போகும், வட்டியும் போகும்.

பெரம்பூரில் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, கூலியாளுக்கும் உரிமை உண்டென்று இத்தேசம் கற்றுக்கொண்டது. அந்தக் கூலியாளின் கடனுக்கும் நியாயம் உண்டென்பதைச் சட்டசபை இனியாவது ஒப்புக்கொள்ளட்டும். அடுத்த புயல் வருமுன் அதைச் செய்வது ராஜதந்திரம். வந்தபின் செய்வது வெறும் அனுதாபமாகவே முடியும்.