கண்டுகொள்ளப்படாத பிள்ளைகள்

சின்ன வயதில் கொடுமை அனுபவித்தவர், பின்னாளில் தன் துணையையே அடிப்பாரா? அடித்தவர்களை மட்டும் கூப்பிட்டுக் கேட்டால் விடை கிடைக்காது. அதே கொடுமையை அனுபவித்தும் யார் மேலும் கைவைக்காமல் வாழ்பவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

அமெரிக்க உளவியலாளர் கேத்தி ஸ்பாட்ஸ் விடம் அதனால் குழந்தைகளிடமிருந்து தொடங்கினார். 1967 முதல் 1971 வரை நீதிமன்றத்தில் உறுதியான வழக்குகளிலிருந்து, 11 வயதுக்கு மேற்படாத 908 பேரைத் தேர்ந்தெடுத்தார். அடிபட்டவர்கள் சிலர், சோறும் மருத்துவமும் கவனிப்பும் இல்லாமல் விடப்பட்டவர்களே அதிகம். வயதிலும் பாலினத்திலும் குடும்பச் சூழலிலும் அவர்களை ஒத்த 667 பேரை ஒப்பீட்டுக்குச் சேர்த்து, பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்.

அவர்கள் நாற்பதை நெருங்கிய வயதில் எடுத்த கணக்கு 2014இல் வெளியானது. வசவும் அவமதிப்பும் இரு தரப்புக் குடும்பங்களிலும் மலிந்திருந்தன. வேறுபாடு காயத்தில் தெரிந்தது. குழந்தையாகக் கொடுமைக்கு ஆளானவர்கள் துணையின் கையால் காயம்படும் வாய்ப்பு கூடியிருந்தது. துணையைக் காயப்படுத்தும் வாய்ப்போ, புறக்கணிக்கப்பட்டு வளர்ந்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. உடம்பில் தழும்பு இல்லாத இந்தப் பிள்ளைகளைப் பள்ளியும் அக்கம்பக்கமும் எளிதில் கவனிப்பதில்லை.

அடிபடும் குழந்தையின் மனதில் என்ன நடக்கிறது? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சேத் போலக், மங்கலாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும் முகப் படங்களைக் குழந்தைகளுக்குத் திரையில் காட்டினார். அடிபட்ட பிள்ளைகள், படம் முழுதாகத் தெளியும் முன்பே கோபத்தை அடையாளம் கண்டார்கள். அப்பாவின் முகம் மாறுவதை முந்திக் கண்டால்தான் தப்பிக்க முடியும் என்ற வீட்டில் இது தற்காப்பு. அதே விழிப்பு பிற்காலத்தில் துணையின் சாதாரண முகச்சுளிப்பையும் மிரட்டலாகக் காட்டக்கூடும்.

கொடுமை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குத் தொடர்வது தலைவிதி அல்ல. இங்கிலாந்திலும் வேல்சிலும் நடந்த ஆய்வொன்றில், கொடுமைக்கு ஆளாகி வளர்ந்த தாய்மார்களில், அன்பான துணை அமைந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுமை தொடர்வது குறைந்திருந்தது.

வெளியிலிருந்து வரும் ஆதரவும் உதவும். நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் கர்ப்பிணிகளின் வீடுகளுக்குச் செவிலியர்கள் போய், குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை துணைநின்றார்கள். பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, செவிலியர் வராத குடும்பங்களோடு ஒப்பிட்டால் குழந்தைக் கொடுமைப் புகார்கள் ஏறத்தாழப் பாதியாக இருந்தன. ஆனால் தாய் அடிக்கடி அடிவாங்கிய வீடுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. ஆகவே, குழந்தையைப் பார்க்க வீட்டுக்குள் வரும் ஊழியர் தாயின் பாதுகாப்பையும் விசாரிக்க வேண்டும். தாய்க்கு உதவ வருபவர் குழந்தை சாப்பிட்டதா என்றும் கேட்க வேண்டும்.