வாகனத்தின் அடிப்பாகமும் உலர் பனிக்கட்டியும்

பழைய வேன் வாங்கப் போகும் எவரும் பெயின்டைப் பார்ப்பார், சீட்டைப் பார்ப்பார், எஞ்சினை ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்பார். குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்பவர் குறைவு. பார்த்தாலும் அங்கே புதிதாக அடித்த கறுப்பு அண்டர்சீல் பளபளத்தால் திருப்தியோடு எழுந்துவிடுவார். நானும் ஒரு தடவை அப்படி எழுந்தவன்தான். கடைக்குச் சரக்கு ஏற்ற வாங்கிய அந்த வேன் மூன்றே மாதத்தில் டிங்கரிங்குக்குப் போனது. பாஸ் ஸ்க்ரூ டிரைவரால் அடியில் ஒரு குத்துக் குத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. "நாநா, இதில் இரும்பு எங்கே? தாரைத்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீங்க" என்றார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு வழி திறக்கப்படும் வரை, நாட்டில் இருந்த வாகனங்களையே விற்றோம், வாங்கினோம், திருத்தினோம். அதனால் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்து காட்டும் தொழிலுக்கு நம்மிடம் ஒரு தேவை இருக்கிறது. குளிர்காலத்தில் வீதியில் உப்புத் தூவும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய கார்களைப் புதுப்பிப்போர் இதற்கென ஒரு முறையைக் கையாள்கிறார்கள். உலர் பனிக்கட்டியைக் காற்றோடு பீய்ச்சி அடிப்பதே அது. விமானங்களின் பெயின்டை உரிப்பதற்காக 1970களில் அமெரிக்காவின் லொக்ஹீட் நிறுவனத்தில் முயன்று பார்த்த யோசனை, 1980களில் இயந்திரமாகச் சந்தைக்கு வந்தது.

உலர் பனிக்கட்டி என்பது உறைந்த காபனீரொட்சைட். பூச்சியத்துக்குக் கீழே 78.5 பாகை செல்சியஸ் குளிர். அதை 3 மில்லிமீற்றர் அளவான குறுணிகளாக்கி வேகமாக அடிக்கும்போது கிறீசும் பழைய தாரும் குளிரில் இறுகி வெடிக்கின்றன. வெடிப்புக்குள் போன குறுணி உருகித் தண்ணீராவதில்லை, நேரே வாயுவாக மாறி ஏறத்தாழ 800 மடங்கு விரிகிறது. அழுக்கு உள்ளிருந்தே தள்ளப்பட்டுக் கழன்று விழுகிறது. மணல் அடித்தால் மணலையும் கூட்டி அள்ள வேண்டும், வயரையும் ரப்பர் புஷ்களையும் மூடிக் கட்ட வேண்டும். இங்கே நிலத்தில் எஞ்சுவது வாகனத்தின் அழுக்கு மட்டுமே. குறுணி மென்மையானது, ஆதலால் இரும்பையோ நல்ல பெயின்டையோ சுரண்டாது.

அதே மென்மைதான் இதன் குறையும். உதிர்ந்து நிற்கும் துருச் செதில் போகும், இரும்பைக் கடித்துப் பிடித்த துரு போகாது. அதற்கு மணலோ கிரைண்டரோதான் வேண்டும். "துருவை முழுதாக எடுத்துத் தருகிறேன்" என்று போர்ட் தொங்கவிட்டு இந்த மெஷினை வாங்குபவர் முதல் மாதமே வாடிக்கையாளரோடு சண்டை பிடிப்பார்.

மெஷினின் விலையோடு கணக்கு முடிவதுமில்லை. சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 இறாத்தல் அழுத்தத்தில் இடைவிடாமல் காற்றுத் தரும் பெரிய கொம்ப்ரஸர் வேண்டும், டயருக்குக் காற்றடிக்கும் கொம்ப்ரஸர் இதற்குத் தாங்காது. நமது ஈரக் காற்றை உலர்த்தி அனுப்பாவிட்டால் குழாயில் பனி கட்டி அடைத்துக்கொள்ளும். குறுணியோ பெட்டியில் இருக்கும்போதே கரைந்து குறைந்துகொண்டிருக்கும். திங்கட்கிழமை வாங்கி வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்க இது சீனி மூட்டை அல்ல. நான்கைந்து வாகனங்களை ஒரே நாளில் வரச்சொல்லி, அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுப்பவருக்கே கட்டுப்படியாகும். பனிக்கட்டி தருபவர் பக்கத்தில் இல்லையென்றால் இந்த யோசனையை அங்கேயே விட்டுவிடலாம். கிடைத்தாலும் காற்றுப் புகாமல் இறுக மூடிய பாத்திரத்தில் வைக்கக்கூடாது, வாயு திரண்டு பாத்திரமே வெடிக்கும்.

இன்னொரு விடயம் உயிரோடு சம்பந்தப்பட்டது. நமது சேர்விஸ் ஸ்டேஷன்களில் வாகனத்தை நிறுத்தி, கீழே குழிக்குள் இறங்கி வேலை செய்வது வழக்கம். காபனீரொட்சைட் சாதாரண காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. குழியில் போய்த் தங்கும், கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. காற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஆனால் ஆள் மயங்கி விழுந்துவிடுவார், காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். இந்த வேலையைக் குழியில் செய்யவே கூடாது. வாகனத்தை ஹொய்ஸ்டில் உயர்த்தி, கதவுகளைத் திறந்துவைத்து, கையுறை, கண்ணாடி, காதுமூடி போட்டே செய்ய வேண்டும். சத்தம் காதைப் பிளக்கும். வெறுங்கையால் குறுணியைத் தொட்டால் தீச்சுட்டது போல் தோல் புண்ணாகும்.

அடித்து முடித்ததும் குளிர்ந்த இரும்பில் காற்றின் ஈரம் வியர்த்து நிற்கும். அது நன்றாகக் காயும் வரை அண்டர்சீல் அடிக்கக் கூடாது. அந்த இடைவெளியில்தான் வெல்டிங் தேவைப்படும் இடமெல்லாம் வெளிச்சத்துக்கு வரும். வெளிநாடுகளில் இதே தொழில் செய்வோர் சுத்தம் செய்த அடிப்பாகத்தைப் படம் பிடித்து உரிமையாளரிடம் கொடுக்கிறார்கள், வாகனம் கைமாறும்போது படமும் சேர்ந்து போகிறது. இங்கும் வேன் வாங்கப் போகிறவர் சீல் அடிக்கும் முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்கலாம். எனக்கு விற்றவரிடம் நான் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இப்போதும் சில வேளை யோசிப்பதுண்டு.