ரசீதில் டாலர் குறி மறைவது ஏன்?

வேர்ட் தொகுப்பில் ஒரு சொல்லைத் தேடி வேறு சொல்லாக மாற்ற, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் வசதியைப் பயன்படுத்தியிருப்பீர்கள். இணையப் பக்கங்களில் இந்த வேலையைச் செய்வது ஜாவா ஸ்கிரிப்ட் மொழியின் ரீப்ளேஸ் கட்டளை. ஆனால், இதற்குச் சில அடையாளங்கள் வெறும் எழுத்துகள் அல்ல, உத்தரவுகள்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு இணைய வழியில் வீணை கற்றுத் தரும் என் நண்பர், ரசீது தயாரிக்க ஒரு சிறிய பக்கம் எழுதியிருந்தார். $25 எனக் கொடுத்தால் ரசீது சரியாக வரும். $15 எனக் கொடுத்தால் "கட்டணம்: விலை5" என்று வரும். அதைப் பெற்ற ஒருவர் 5 டாலர் மட்டுமே அனுப்பிவிட்டார்! "வைரஸ் வேலையா?" என்று நண்பர் என்னிடம் கேட்டார். வைரஸ் இல்லை.

மாதிரி ரசீதில் [விலை] என்ற இடத்தில் தொகை வர வேண்டும். அதற்காக அவர் தேடும் பகுதியில் /\[(விலை)\]/ எனத் தந்திருந்தார். சதுர அடைப்புக்குத் தனிப் பொருள் உண்டு என்பதால், அதன் முன் பின்சாய்வுக் கோடு இட வேண்டும். இது சரிதான். ஆனால் சாதாரண அடைப்புக்குள் தரும் சொல்லை ஜாவா ஸ்கிரிப்ட் நினைவில் வைத்துக் கொள்ளும். மாற்றும் பகுதியில் $1 என்றால், "நினைவில் உள்ள முதல் சொல்லை இங்கே இடு" என்று பொருள். எனவே $15 என்பது "விலை" என்ற சொல்லும் 5 என்ற எண்ணும் ஆகிவிட்டது. இரண்டாவது சொல் நினைவில் இல்லாததால் $25 தப்பித்தது.

இதே போல $& என்றால் தேடிக் கிடைத்த சொல் முழுவதும்; $` என்றால் அதற்கு முன்னுள்ள டெக்ஸ்ட்; $' என்றால் பின்னுள்ள டெக்ஸ்ட். 2021ல் வந்த ரீப்ளேஸ் ஆல் கட்டளைக்கும் இவை பொருந்தும்.

தீர்வுகள் இரண்டு. ஒன்று, $$15 என இரண்டு டாலர் குறிகள் இடுவது. ஒன்று மட்டும் அச்சாகும். இரண்டு, தொகைக்குப் பதில் () => "$15" என ஒரு பங்ஷனைத் தருவது. பங்ஷன் தருவது அப்படியே இடப்படும். தொகையைப் பயனாளர் டைப் செய்திடும் பக்கங்களில் இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன்.

குரோம் அல்லது ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் எப்12 அழுத்தி, கன்சோல் பிரிவில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். $25 உடன் நிறுத்தாமல் $1, $15, $100 ஆகியவற்றையும் கொடுத்துப் பாருங்கள். மூன்றும் சரியாக வந்த பிறகு ரசீதை அனுப்புங்கள்.