ஹேண்டில் கோணிக்கொண்டதா? தூண்டில் நரம்பு துப்பறியும், தெரியுமா?

பைக்கோடு சாய்ந்து எழுந்தவர் முதலில் முழங்காலைப் பார்ப்பார், அடுத்து ஹேண்டிலைப் பார்ப்பார். முன்சக்கரம் சமர்த்தாக நேரே நிற்கும், ஹேண்டில் மட்டும் கோபித்துக்கொண்ட மாதிரி ஒரு பக்கம் திரும்பியிருக்கும். "போச்சு! ஃபோர்க் வளைஞ்சிருச்சு!" என்று அடிவயிறு கலங்கும். ஆனால் மெதுவாக விழுந்த வண்டியில் பல சமயம் ஓர் இரும்புகூட வளைந்திருக்காது, தெரியுமா?

வளைவது வேறு, திருகிக்கொள்வது வேறு! ஃபோர்க்கின் இரண்டு குழாய்களையும் மேலே ஒரு டீ, கீழே ஒரு டீ என இரண்டு கவ்விகள் பிடித்திருக்கின்றன. பற்ற வைத்ததும் இல்லை, ஆணி அடித்ததும் இல்லை. போல்ட்டை முறுக்கியதால் வரும் வெறும் உராய்வுப் பிடிதான் அது. சக்கரம் நடைபாதை விளிம்பில் மோதும்போதோ, ஹேண்டில் நுனி தரையில் குத்தும்போதோ அந்தப் பிடிக்குள்ளேயே குழாய்கள் ஒரு நூலளவு வழுக்கிவிடும். மேல் டீ ஒரு திசை, கீழ் டீ ஒரு திசை. இரும்பு அப்படியே இருக்கும், அடுக்கு மட்டும் கலைந்திருக்கும்.

இந்த வகை விழுகைக்கென்றே அமைந்த ஊர் ஒன்று சொல்லுங்கள் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு கொச்சியின் மட்டாஞ்சேரியைச் சொல்வேன். பஜார் ரோட்டில் ஒரு பக்கம் மிளகு, சுக்கு, ஏலக்காய்க் கிடங்குகள். இன்னொரு பக்கம் மூட்டை இறக்கும் லாரி. நடுவே ஆட்டோ, தள்ளுவண்டி, யூதத் தெருவுக்கு வழி கேட்கும் வெளிநாட்டுப் பயணிகள். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கட்டிக்கொடுத்த அரண்மனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வேகமாக ஓட்டி விழ வழியே இல்லை. நடக்கிற வேகத்தில் சறுக்கி, சாய்ந்து, சுவரில் இடித்துத்தான் விழ வேண்டும். "இக்கா, ஹேண்டில் வளஞ்ஞு போயி" என்று பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், விவரமான மெக்கானிக் ஸ்பேனரைத் தொடமாட்டார். கேள்விதான் முதலில் வரும்: "எந்தப் பக்கம் விழுந்தே? சக்கரம் எதிலயாவது இடிச்சதா, சும்மா சாய்ஞ்சதா?" பாதி நோய் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

சரி, திருகலா வளைவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கண்ணாடித் துண்டு போதும், தெரியுமா! இரண்டு ஃபோர்க் குழாய்களையும் எட்டும் அகலமுள்ள, தடிமனான, தட்டையான கண்ணாடி. பழைய ஆர்எக்ஸ் 100 போல ஃபோர்க் குழாய் வெளியே தெரியும் வண்டிகளில், இரண்டு குழாய்களுக்கும் குறுக்கே அதைப் படிய வைக்க வேண்டும். நான்கு மூலையும் ஒட்டி உட்கார்ந்தால் குழாய்கள் இணையாக இருக்கின்றன. ஒரு மூலையை அழுத்தும்போது எதிர் மூலை 'டக்' என்று தூக்கினால் திருகல். லேசர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, கண்ணாடிக் கடையில் கழிவாகக் கிடக்கும் துண்டு! விளிம்பைத் தேய்த்துக்கொள்ளுங்கள், கையைக் கிழித்துக்கொண்டு என்மேல் பழி போடாதீர்கள்.

அடுத்த கருவி இன்னும் மலிவு. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் இருக்கும் ஊரில் தூண்டில் நரம்புக்கா பஞ்சம்? நம் ஊரில் தங்கூசி என்போமே, அதேதான். சணலும் கயிறும் பிசிறடிக்கும், தொய்யும். நைலான் நரம்பு இழுத்தால் கம்பி மாதிரி நிற்கும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தின் பின்புறம் நரம்பைச் சுற்றி, இரண்டு பக்கமும் முன்னால் கொண்டுவந்து இழுத்துக் கட்ட வேண்டும். சைலன்ஸரிலும் ஸ்டாண்டிலும் படாமல் எவ்வளவு உயரத்தில் போகிறதோ அவ்வளவு நல்லது. பின் டயரின் முன்விளிம்பை நரம்பு இலேசாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும், அழுத்தக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் முன் டயர் ஒல்லி. அதனால் நரம்புக்கும் முன் டயருக்கும் நடுவே இரு பக்கமும் கொஞ்சம் இடைவெளி விழும். முன்சக்கரத்தை நரம்புக்கு இணையாகத் திருப்பி வைத்து அந்த இடைவெளியை ஸ்கேலால் அளந்தால் வண்டியின் ஜாதகமே கையில்! இரு பக்கமும் சமம், ஆனால் ஹேண்டில் மட்டும் கோணல் என்றால் கோளாறு ஃபோர்க் திருகலிலோ ஹேண்டில் கம்பியிலோதான். சக்கரங்கள் இணை, இடைவெளி மட்டும் ஒரு பக்கம் கூடுதல் என்றால் பின்சக்கரம், ஸ்விங் ஆர்ம், சேஸிஸ் என்று சந்தேகம் பின்னால் போகும். அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதவும் கூடாது. சில வண்டிகளில் கம்பெனியே இரு சக்கரங்களையும் சில மில்லிமீட்டர் விலக்கித்தான் வைத்திருக்கும், சர்வீஸ் மேனுவலைப் புரட்டிவிட்டுப் பேச வேண்டும்.

இங்கேதான் பலர் வாயைப் பிளப்பார்கள். ஹேண்டில் கோணலுக்குக் காரணம் வண்டியின் வால் பக்கம் இருக்கலாம், தெரியுமா? செயின் டைட் வைக்கும்போது இடது அட்ஜஸ்டரை ஒரு சுற்று, வலதை ஒன்றரைச் சுற்று என்று திருகிவிட்டால் பின்சக்கரம் லேசாக ஒரு பக்கம் பார்க்கும். வண்டியோ பின்சக்கரம் காட்டும் திசையில்தான் ஓடும். நேரே போக வேண்டுமானால் முன்சக்கரமும் அதே கோணத்துக்குத் திரும்பியாக வேண்டும், ஹேண்டிலும் கூடவே திரும்பும். பின்னால் 3 மி.மீ. பிசகினால் ஹேண்டில் நுனியில் ஏறத்தாழ 5 மி.மீ. தெரியும். அட்ஜஸ்டர் பக்கத்தில் கோடு போட்டிருக்கிறதே என்பீர்கள். அந்தக் கோட்டை நான் நம்பமாட்டேன். தங்கூசியைத்தான் நம்புவேன்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று புலம்புபவர்களுக்கு ஒரு செய்தி. சாலையே கோணல், தெரியுமா? மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்த்தி இரு ஓரமும் சரித்துத்தான் சாலை போடுகிறார்கள். மழை அதிகமுள்ள ஊர்களில் தார்ச்சாலைக்கு 100-க்கு 2.5 வரை சரிவு உண்டு. 3.5 மீட்டர் அகல லேனில் நடுவுக்கும் ஓரத்துக்கும் கிட்டத்தட்ட 9 செ.மீ. இறக்கம்! நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், வண்டி இடது ஓரத்துக்கு நழுவத்தானே பார்க்கும்? ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் கொச்சியில் இதை வண்டியின் குற்றமாக எழுதுவது அநியாயம். போகும்போதும் இடது, திரும்பி வரும்போதும் இடது என்றால் சாலைமேல் சந்தேகப்படுங்கள். சமதளமான மைதானத்திலும் இழுத்தால்தான் வண்டிமேல்.

ஸ்கூட்டர்களின் கதையோ தனிக் கூத்து. 1946-இல் வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர்! விமானத்தின் தரையிறங்கு சக்கரம் மாதிரி முன்சக்கரத்துக்கு ஒற்றைக் கால்தான் கொடுத்தார். என்ஜினை வலது பக்கம் தொங்கவிட்டார். அதே வம்சத்தில் வந்த பஜாஜ் சேதக்கும் அப்படியே. வலது பக்கம் கனம் கூடிய வண்டியை இரண்டு தலைமுறை அப்பாக்கள் உடம்பை லேசாக இடதுபுறம் வைத்தே ஓட்டித் தீர்த்தார்கள். அது கோளாறே இல்லை, பிறவிக் குணம்.

ஹேண்டிலை ஏன் நேராக வைக்க இவ்வளவு பாடு? இருசக்கர வண்டி தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும், கோணிய ஹேண்டில் அப்போதும் கோணலாகவே நிற்கும் என்பதால்தான். ஃபோர்க் சாய்ந்திருப்பதால் திருப்பும் அச்சு தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால், ஓர் இடைவெளி விட்டு விழும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் போகிற திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறதே, அந்த வித்தை. 1885-இல் டைம்லரும் மாய்பாக்கும் செய்த உலகின் முதல் பெட்ரோல் பைக்கில் அந்தச் சாய்வு இல்லை, விழாமலிருக்கப் பக்கத்துக்கு ஒரு குட்டிச் சக்கரம் வைத்துக்கொண்டார்கள், தெரியுமா? 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் ஓட்டவே முடியாத சைக்கிளைச் செய்தே தீருவேன் என்று கிளம்பினார். சக்கரச் சுழற்சியின் விளைவை எதிர்ச்சக்கரம் வைத்து அடித்துப்போட்டார், சைக்கிள் ஓடியது! முன்சக்கரத்தை முன்னுக்குத் தள்ளிவைத்து அந்த இடைவெளியைக் கெடுத்த பிறகுதான் மனிதர் திண்டாடினார். அப்பாடா, புரிந்துவிட்டது என்று உலகம் மூச்சு விட்டதா? 2011-இல் கார்னெல், டெல்ஃப்ட் பல்கலைக்கழகக்காரர்கள் சுழற்சி விளைவும் இல்லாமல், அந்த இடைவெளியும் இல்லாமல் தானே நிற்கும் சைக்கிளை ஓடவிட்டு 'சயின்ஸ்' இதழில் எழுதிவிட்டார்கள்!

இன்னொரு விந்தை. வேகத்தில் இடது பக்கம் திரும்ப நீங்கள் ஹேண்டிலை ஒரு கணம் வலது பக்கம் தள்ளுகிறீர்கள், தெரியுமா? விமானம் கண்ட வில்பர் ரைட் சைக்கிள் கடைக்காரரும்கூட. பல சைக்கிள்காரர்களைக் கேட்டுப் பார்த்தாராம், கேட்டவுடன் ஒருவராலும் அதைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கோணல் ஹேண்டிலை நம் கை சத்தமில்லாமல் சமாளித்துவிடுகிறது. மாதக்கணக்கில் ஓட்டியவருக்குத் தெரியாத கோணல், இரவல் வாங்கிய நண்பருக்கு முதல் தெருவிலேயே தெரியும்.

கொச்சிக்கென்று விசேஷ நோயும் ஒன்று உண்டு. உப்புக்காற்று. கடல் ஓதம் ஏறும்போது மேற்குக் கொச்சியின் தாழ்வான தெருக்களில் உப்புத் தண்ணீரே ஏறி நிற்கும். அது ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டுக்குள் இறங்கி கிரீஸைத் தின்றுவிட்டால் பால்ஸ் துருப்பிடிக்கும். நேரே ஓடும் நேரம்தான் அதிகம் என்பதால் பால்ஸ் ஒரே இடத்தில் இடித்து இடித்து ரேஸில் குழி விழும். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஒரே விரலால் ஹேண்டிலை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளிப் பாருங்கள். நட்ட நடுவில் 'கடக்' என்று ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டார். இப்படிப்பட்ட வண்டி ஹேண்டில் நேராக இருந்தும் மெதுவாகப் போகையில் போதையில் நடக்கிறவர் மாதிரி அலையும். நடுவிலிருந்து தட்டிவிட்டால் இரு பக்கமும் தன் கனத்திலேயே விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் கேபிள் எங்கோ இழுக்கிறது, கோனைக் குறை சொல்லாதீர்கள். ஃபோர்க் கால்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டொக்' கேட்டால் கோன் லூஸ்.

"ஒரு பக்க ஸ்பிரிங் வீக், அதான் இழுக்குது" என்ற பழைய வசனத்தையும் இங்கேயே அடக்கம் செய்துவிடலாம். ஒரு காலில் ஸ்பிரிங்கும் இன்னொரு காலில் டேம்பிங்கும் மட்டுமே உள்ள ஃபோர்க்கை ஷோவா நிறுவனம் மோட்டோகிராஸ் பைக்குகளுக்குச் செய்தே காட்டியிருக்கிறது! இரு கால்களையும் ஆக்சிலும் டீயும் சேர்த்துக் கட்டியிருப்பதால் அவை ஜோடியாகத்தான் இறங்கும்.

கண்ணும் பொய் சொல்லும், தெரியுமா? ஹெட்லைட் பிராக்கெட் வளைந்திருந்தாலும் மீட்டர் சாய்ந்திருந்தாலும் ஹேண்டில்தான் கோணல் என்று மூளை சாதிக்கும். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவே கூடாது. டேங்கின் நடுக்கோட்டில் பின்பக்கமாக ஒரு போல்ட்டைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஹேண்டிலின் இரு நுனிக்கும் டேப் பிடித்து அளந்தால் கண்ணின் புளுகு வெளுத்துவிடும். சில வண்டிகளில் ஹேண்டில் ரப்பர் புஷ்மேல் உட்கார்ந்திருக்கும். அங்கே திருகியது மலிவான ரப்பராகக்கூட இருக்கலாம்!

திருகல்தான் என்று உறுதியானால் வைத்தியம் இதுதான். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, டீ போல்ட்டுகளையும் ஆக்சிலையும் பிடி தளரும் அளவுக்கு மட்டும் இளக்க வேண்டும். மட்கார்டு போல்ட்டை மறந்துவிட்டால் அத்தனையும் வீண். இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மட்கார்டு, திருகலை அப்படியே உறையவைத்துவிடும், தெரியுமா? பிறகு சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு. மறுபடி கண்ணாடி வைத்துப் பார்த்து, டீ போல்ட்டுகளை மேனுவலில் சொன்ன முறுக்குக்கு இறுக்க வேண்டும். ஆக்சில் நட்டையும் இறுக்கி, வண்டியைக் கீழே இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து முறை ஃபோர்க்கை நன்றாக அமுக்கி விட வேண்டும். கால்கள் தாமாகத் தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் ஆக்சிலைக் கவ்வும் சின்ன போல்ட்டும் மட்கார்டும்.

இதற்கெல்லாம் மசியவில்லையா? குழாயைக் கழற்றித் தட்டையான கண்ணாடிமேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் வளைந்திருக்கிறது. பல மேனுவல்கள் அனுமதிக்கும் ஆட்டம் 0.2 மி.மீ.தான், அதை டயல் கேஜ் வைத்துத்தான் அளக்க முடியும். பிரஸ்ஸில் போட்டுப் பெண்ட் எடுத்துத் தருகிறேன் என்பார்கள், நான் சம்மதிக்க மாட்டேன். அலுமினிய டீயாக இருந்தால் பேச்சே கிடையாது, நிமிர்த்தும்போது விரிசல் விட்டு ஓடும்போது முறியும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். ஹேண்டிலை முழுசாக ஒடித்து, கீழ் டீ வந்து முட்டும் அந்தச் சின்ன இரும்பு மேட்டை இரு பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தாலும், ஹெட் பைப்புக்குக் கீழே பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தாலும், ஓனர் சொல்லாமல் விட்ட ஒரு விபத்து அங்கே எழுதியிருக்கிறது.