நிலப்போர்வையில் துளையிடும் முறை

காய்கறி சாகுபடியில் களையைக் குறைக்கவும், மண்ணின் ஈரத்தைக் காக்கவும் பிளாஸ்டிக் நிலப்போர்வை விரிக்கும் விவசாயிகள் பலர். பாத்தி அமைப்பதிலும், விரிப்பு வாங்குவதிலும் காட்டும் அக்கறையை அவர்கள் துளையிடுவதில் காட்டுவதில்லை. பிளேடாலோ அரிவாள் நுனியாலோ பெருக்கல் குறி போல் கீறி, நாற்றை நட்டுவிடுகின்றனர். விரிப்பு அறுவடை முடியும்வரை தாங்குவதும், பாதியிலேயே கிழிந்து பறப்பதும் இந்தத் துளையைப் பொறுத்தே அமைகின்றன.

5 அடிக்கு ஒரு மேட்டுப்பாத்தி, பாத்திக்கு 2 வரிசை, செடிக்குச் செடி 2 அடி என்று தக்காளி நட்டால், ஏக்கருக்குச் சுமார் 8,700 துளைகள் தேவைப்படும். 400 மீட்டர் நீள உருளைகள் ஏழு வேண்டியிருக்கும். இத்தனை செலவில் விரித்ததை அவசரக் கீறலால் கெடுத்துக்கொள்ளலாமா?

கீறலால் வரும் கேடு

காய்கறிகளுக்குப் பயன்படும் விரிப்பு 25 முதல் 30 மைக்ரான் கனமே உடையது. கீறலின் முனை கூர்மையானது. காற்று இழுக்கும்போது அம்முனையிலிருந்து கிழிசல் ஓடும். வட்டத் துளைக்கு முனை இல்லை. இழுவிசை சுற்றிலும் பரவுவதால் எளிதில் கிழியாது. தவிர, கீறிய இடத்தில் நிற்கும் நான்கு மடிப்புகளும் வெயிலில் சூடேறி இளந்தண்டில் உரசும். தண்டு கருகி நாற்று சாய்ந்துவிடும்.

துளையின் அளவு

குழித்தட்டு நாற்றுகளுக்கு 2 முதல் 2½ அங்குல விட்டம் போதும். துளை சிறுத்தால் தண்டு விரிப்பில் படும். பெருத்தால் களை முளைக்கும், ஈரமும் போகும். விட்டம் இரண்டு மடங்கானால் திறந்த இடம் நான்கு மடங்காகும் என்பதை நினைவில் கொள்க.

சூடான குழாய் முறை

2 அங்குல ஜி.ஐ. குழாயில் ஒன்றரை அடித் துண்டுகள் இரண்டு வாங்கிக்கொள்ளவும். இதன் வெளி விட்டம் சுமார் 6 செ.மீ. இருக்கும். வாய்ப்புறம் பிசிறின்றி அரம் கொண்டு தேய்த்து, மறுமுனையில் மரக் கைப்பிடி பொருத்த வேண்டும். கரி அடுப்பில் ஒன்று சூடாகும்போது மற்றொன்றால் வேலை செய்யலாம்.

குழாய் பழுக்கக் காய வேண்டியதில்லை. தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று உடனே வற்றும் சூடு போதும். கழிவுத் துண்டில் சோதித்துப் பார்த்து, பிறகு விரிப்பின் மேல் நேராக வைத்து உடனே எடுத்துவிட வேண்டும். அழுத்தவோ திருகவோ கூடாது. துளையின் விளிம்பு உருகித் தடித்துவிடுவதால் அது கிழிசலைத் தாங்கும். புகை வந்தால் சூடு அதிகம் என்று பொருள். காற்று வரும் பக்கமாக நின்று வேலை செய்து, புகையைச் சுவாசிக்காமல் பார்த்துக்கொள்ளவும்.

விரிப்பதற்கு முன்பே துளையிட விரும்புவோர், விரிப்பை மடித்து மரக்கட்டையின் மேல் வைத்து, விளிம்பு கூராக்கிய குழாயைச் சுத்தியலால் தட்டலாம். மடித்த விரிப்பில் சூடான குழாயை வைக்கக் கூடாது; அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெட்டி விழும் வட்டத் துண்டுகளைக் கால்நடைகள் தின்னாதவாறும், மண்ணில் கலக்காதவாறும் பொறுக்கிவிட வேண்டும்.

சொட்டுநீர்க் குழாய் ஜாக்கிரதை

விரித்த பின் துளையிடும்போது நேரும் பெரிய நஷ்டம் இதுதான். அடியிலுள்ள சொட்டுநீர்க் குழாயில் சூடு பட்டால் அதுவும் ஓட்டையாகும். விரிப்பு மூடியிருப்பதால் வெளியே தெரியாது. ஓரிடத்தில் நீர் தேங்கும். கடைசிச் செடிகள் வாடும். கரைத்துவிட்ட உரமும் வீணாகும்.

சொட்டுநீர்க் குழாய் வெயிலில் நீண்டு நெளியும். ஆகவே விரிப்பு போடுமுன்பே அதைப் பாத்தியின் நடுவில் முளையடித்து நிறுத்த வேண்டும். இரு செடி வரிசைகளையும் நடுவிலிருந்து முக்கால் அடி தள்ளிக் குறிக்கவும். 2 அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிறு கட்டிக் குறித்தால் வரிசை கோணாது. துளையிட்டு முடிந்ததும் நீரைத் திறந்துவிட்டுக் கசிவு பார்த்த பின்பே நடவைத் தொடங்க வேண்டும்.

நட்ட பின்

விரிப்புக்கு அடியில் உள்ள வெப்பக் காற்று துளை வழியேதான் வெளியேறும். அது தண்டைச் சுடாதிருக்க, ஒரு கைப்பிடி மண்ணைத் துளையின் விளிம்பைச் சுற்றிப் போட்டு மூடவும். காற்று உட்புகுந்து விரிப்பைத் தூக்குவதையும் இது தடுக்கும். நடவை மாலையில் செய்வது நல்லது.

கிழியாத விரிப்பை அறுவடைக்குப் பின் முழுதாகச் சுருட்டி எடுக்கலாம். நல்ல நிலையில் இருந்தால் அடுத்த பயிருக்கும் உதவும். கிழிந்த விரிப்போ துண்டு துண்டாக மண்ணிலேயே தங்கி நிலத்தைக் கெடுக்கும். எனவே விவசாயிகள் துளையிட ஒரு நாள் கூடுதலாகச் செலவிடத் தயங்க வேண்டாம். அந்த ஒரு நாள் உழைப்பு விரிப்பையும் காக்கும், நிலத்தையும் காக்கும்.