குப்பைத் தீயில் வெடிக்கும் பழைய ரவைகள்: உள்ளே என்ன நடக்கிறது?

கடந்த மாரிக்கு முன்னர் முல்லைத்தீவு மாவட்டத்தில் உறவினர் ஒருவரின் வளவைத் துப்புரவு செய்துகொண்டிருந்தோம். கூட்டிக் குவித்த சருகுக்குத் தீ வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, 'படார்' என்றொரு சத்தம். மாமி சிறுவனை இழுத்துக்கொண்டு கிணற்றுக்கட்டின் பின்னால் குந்திவிட்டார். யாருக்கும் காயமில்லை. மறுநாள் மாமரப் பட்டையில் குத்தி நின்ற கோதுத் துண்டைக் கண்டபோதுதான், தீக்குக் கீழே துப்பாக்கி ரவை கிடந்தது புரிந்தது.

"இவ்வளவு வருசம் மண்ணுக்குள்ள கிடந்தது, மருந்து செத்துப்போயிருக்கும் எண்டுதானே நினைச்சம்" என்றார் மாமி. போர் முடிந்தது 2009இல். இந்த நினைப்பு எங்களில் பலருக்கு இருக்கிறது. அது தவறு.

ஒரு ரவையில் நான்கு பகுதிகள் உள்ளன: பித்தளை அல்லது உருக்குக் கோது, உள்ளே மருந்து, அடியில் பற்றவைக்கும் சிறு மூடி, முனையில் சன்னம். மருந்து திறந்த வெளியில் சுரீரென எரிந்து அடங்கிவிடும். மூடிய கோதுக்குள் எரிந்தால் வாயு வெளியேற வழியில்லை. அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏற ஏற மருந்து இன்னும் வேகமாக எரியும். ஏகே 47 சுடப்படும்போது ரவைக்குள் எழும் அழுத்தம், எங்களைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல 3,000 மடங்குக்கும் அதிகம்.

துப்பாக்கிக்குள் அதைத் தாங்குவது கோதைச் சுற்றியுள்ள தடித்த உருக்கு. தீயில் அந்தத் தாங்கல் இல்லை. அதனால் அவ்வளவு அழுத்தம் ஏறுவதற்கு முன்னரே, கணு அடைத்த மூங்கில் அடுப்பில் வெடிப்பதுபோல மெல்லிய கோது கிழிந்துவிடும். பாரமான சன்னத்தைவிடக் கோதுத் துண்டுகளும் அடிமூடியுமே வேகமாகப் பறக்கும். ஒரு கண்ணைப் பறிக்க அவை போதும்.

பழைய ரவையில் இன்னொரு சிக்கல் உண்டு. மருந்து காலத்தோடு சிதைந்து, அதிலிருந்து வரும் அமிலம் கோதை அரிக்கும். சிதைந்த மருந்து சிலவேளை எரியாது. சிலவேளை வழமையைவிட வேகமாக எரிந்து அழுத்தத்தைக் கூட்டும். வெளியே படிந்த பச்சைக் களிம்பைப் பார்த்து எது எப்படியென்று சொல்ல முடியாது.

பித்தளைக்காக இவற்றைச் சுத்தியலால் தட்டுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அடிமூடி, தட்டினால் பற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. சில பெரிய ரவைகளின் தலைக்குள்ளும் வெடிமருந்து இருக்கும். அவை வெடித்தால் உயிரே போகும்.

மீளக் குடியேறிய காணிகளில் வெறும் மண்மீது குப்பை கொளுத்தாதீர்கள். தீயில் வெடிச்சத்தம் கேட்டால் தண்ணீர் ஊற்றக்கூடக் கிட்டப் போகாமல், சுவருக்குப் பின்னால் விலகி நில்லுங்கள். பிறகு சாம்பலைக் கிளறாதீர்கள். ரவை கண்ணில் பட்டால் தொடாமல், தள்ளி நின்று அடையாளம் வைத்து, 119க்கோ கிராம அலுவலருக்கோ அருகில் வேலை செய்யும் கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கோ சொல்லுங்கள்.

சொன்னால் விசாரணை வருமோ என்ற பயம் எங்களுக்கு உண்டு. அது காரணமில்லாத பயமும் அல்ல. ஆனால் எடுத்து வீட்டில் வைத்திருப்பது அதைவிடப் பெரிய சிக்கல், பிள்ளைகளின் கைக்கும் எட்டும். நாங்கள் கிராம அலுவலரிடம் சொன்னோம். மாமி இப்போது இடிந்த பழைய வீட்டின் சீமெந்துத் தரையில்தான் சருகு எரிக்கிறார்.