கழுக்கோலைத் துளைக்கும் கருவண்டு: வீட்டையும் காப்போம், வண்டையும் வாழ விடுவோம்



வெயில் காலம் வந்துவிட்டால் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன் கணக்கு எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி வரும். "எங்க வீட்டுக் கழுக்கோல்ல பெரிய கருவண்டு துளை போடுது. காலைல எந்திரிச்சா தரையில மரத்தூளா கெடக்கு. என்ன மருந்து அடிக்கலாம்?"

கல்குளம், விளவங்கோடு பக்கம் ஆனாலும் சரி, தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் ஆனாலும் சரி, நம்ம மாவட்டத்தில் ஓட்டு வீடும் மர உத்திரமும் இன்னும் நிறைய இருக்கின்றன. காங்கிரீட் வீடு கட்டியவர்கள்கூட ஆட்டுக்கொட்டில், விறகுப்புரை, முன்பக்கச் சாய்ப்பு எல்லாம் மரத்தில்தான் போட்டிருக்கிறோம். அதனால் இது பலருக்கும் உள்ள பிரச்சினை.

சிலர் தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தைத் துளைக்குள் ஊற்றுகிறார்கள். சிலர் மண்ணெண்ணெய்த் துணியைச் சொருகித் தீ வைக்கிறார்கள். இன்னும் சிலர் பயந்துபோய், கூரையையே பிரித்து மாற்றக் குழுவில் கடன் கேட்கிறார்கள். இந்த மூன்றும் பெரும்பாலும் தேவையே இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

கருவண்டு என்பது என்ன?

பெயர்தான் வண்டு. உண்மையில் இது தேனீ இனத்தைச் சேர்ந்தது. புத்தகங்களில் தச்சுத் தேனீ என்று எழுதுவார்கள். ஆசாரி துளை போடுவதுபோல மரத்தில் வட்டமாகத் துளை போடுவதால் அந்தப் பெயர்.

தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு வேறு, இது வேறு. அது சாணிக்குழியில் வளரும், தென்னையைக் கெடுக்கும். கருவண்டு தென்னையைத் தொடாது. பூவில் தேனும் மகரந்தமும் எடுத்துத்தான் வாழும்.

முக்கியமாக ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கருவண்டு மரத்தைத் தின்பதில்லை. கறையான் மரத்தையே தின்னும். கருவண்டு குஞ்சு வைக்க ஓர் அறை வேண்டும் என்பதற்காக மட்டும் பல்லால் சுரண்டித் தூளை வெளியே தள்ளும். தரையில் கிடப்பது அந்தத் தூள்தான்.

பெண் வண்டுதான் துளை போடும். மரத்தின் குறுக்கே கொஞ்ச தூரம் நேராக உள்ளே போகும். பிறகு திரும்பி, மரத்தின் நாரோட்டத்தோடு நீளவாக்கில் குடையும். மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து உருண்டையாக்கி, அதன்மேல் ஒரு முட்டை வைத்து, மரத்தூளால் தடுப்புச் சுவர் கட்டும். அடுத்து இன்னொரு உருண்டை, இன்னொரு முட்டை. பத்தாயத்தில் அறை பிரித்த மாதிரி இருக்கும். முட்டை வளர்ந்து வண்டாகி வெளியே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

முகத்துக்கு நேரே வந்து நின்று இரைகிறதே, அது பெரும்பாலும் ஆண் வண்டு. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. சும்மா மிரட்டும், அவ்வளவுதான். சில இனங்களில் ஆண் மஞ்சள் நிறமாகவும் இருக்கும். பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. ஆனால் கையால் பிடித்தாலோ, துளைக்குள் விரலை விட்டாலோ ஒழிய கொட்டாது.

அப்படியானால் வீட்டுக்கு ஆபத்து இல்லையா?

ஒரு துளையால் வீடு விழாது. ஆபத்து இரண்டு வழியில் மெதுவாக வரும்.

முதலாவது, பழைய துளையை வண்டு விடாது. அங்கே பிறந்தவை அதே துளைக்குத் திரும்பி வந்து இன்னும் நீளமாகக் குடையும், பக்கத்தில் புதிதாகவும் போடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அங்குல அகலமுள்ள ரீப்பரில் அரை அங்குலத் துளை என்றால், அந்த இடத்தில் கால் பங்கு மரம் போயிற்று. பக்கத்தில் இன்னொன்று வந்தால் பாதி போயிற்று. தடித்த உத்திரம் தாங்கும், மெல்லிய ரீப்பரும் கழுக்கோல் நுனியும் தாங்காது.

இரண்டாவது, தண்ணீர். நம்ம மாவட்டத்துக்கு ஜூன் மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மூடாத துளையில் சாரல் இறங்கினால் உள்ளே காயவே காயாது. பூஞ்சை பிடித்து மரம் மக்கும். மக்கிய மரம்தான் காற்றுக்கு முறியும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது நம்ம ஊர்க் கூரைகள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். இற்றுப்போன மரம் அப்படிப்பட்ட காற்றைத் தாங்காது.

ஆகவே வண்டை விரட்டுவதைவிட, துளையை மூடுவதும் மரத்தை நனையாமல் காப்பதும்தான் பெரிய வேலை.

தக்கலை பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நானூறு ஆண்டுப் பழமை உள்ள மர வேலைப்பாடு. 1956-ல் நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அதைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரித்து வருகிறது. சரிவான கூரை, சுவரைத் தாண்டி நீண்டு நிற்கும் கூரை விளிம்பு, நல்ல காற்றோட்டம், விடாத பராமரிப்பு, இவைதான் அந்த மரங்களைக் காக்கின்றன. நம்ம வீடு அரண்மனை இல்லை. ஆனால் மரத்துக்குச் சட்டம் ஒன்றுதான். நனையக் கூடாது, கவனிக்காமல் விடக் கூடாது.

வந்திருப்பது யார் என்று முதலில் பாருங்கள்

* விரல் நுழையும் அளவு வட்டத் துளை, கீழே கொரகொரப்பான தூள், துளைக்குக் கீழே மஞ்சள் கறை இருந்தால் கருவண்டு.
* மரத்தின் மேலும் சுவரிலும் மண் கோடு ஓடினால் கறையான்.
* குண்டூசி முனை அளவு துளைகள் நிறைய இருந்து, மாவுபோல் தூள் கொட்டினால் உளுக்கும் சின்ன வண்டு. பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் இது அதிகம் வரும்.

கறையானும் உளுவும் மரத்தையே தின்பவை. அவற்றுக்கு வைத்தியம் வேறு. கீழே சொல்வது கருவண்டுக்கு மட்டும்.

என்ன செய்ய வேண்டும்?

1. தட்டிப் பாருங்கள். வெட்டுக்கத்தியின் பிடியால் துளையைச் சுற்றித் தட்டுங்கள். கணீர் என்று கேட்டால் மரம் உறுதி. பொத்தென்று கேட்டாலோ, ஆணியால் குத்தும்போது சுலபமாக இறங்கினாலோ ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்த ஒரு மரத்தை மட்டும் மாற்றினால் போதுமா, பக்கத்தில் துணை மரம் சேர்த்து ஆணி அடித்தால் போதுமா என்று கேளுங்கள். இதைச் செய்யாமல் முழுக் கூரைக்கும் கடன் வாங்காதீர்கள்.

2. உள்ளே வண்டு இருக்கிறதா என்று பாருங்கள். துளையின் வாயில் ஒரு காகிதத் துண்டை லேசாகச் சொருகி வையுங்கள். வண்டு இருந்தால் தள்ளிவிடும். நாலைந்து நாள் அப்படியே இருந்தால் போக்குவரத்து இல்லை என்று அர்த்தம். குஞ்சு வளரும் காலம் என்றால் வெளியே அசைவு தெரியாது. ஆகவே தூள் விழுந்த நாளிலிருந்து இரண்டு மாதம் பொறுத்து, அதன் பிறகு காகிதம் வைத்துப் பார்ப்பது நல்லது. வண்டு உள்ளே இருக்கும்போது அடைத்தால், அது பக்கத்தில் புதுத் துளை போட்டு வெளியே வரும். நமக்குத்தான் நஷ்டம்.

3. துளையை அடையுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை நன்றாகத் திணியுங்கள். வண்டால் அதைக் கடிக்க முடியாது. அதன்மேல் துளைக்குச் சரியாகச் சீவிய மர ஆப்பைப் பெவிகால் தடவி அடித்து இறக்குங்கள். மீதி இடைவெளியை மரத்தூளும் பெவிகாலும் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

4. வண்ணம் பூசுங்கள். கருவண்டுக்குப் பிடித்தது காய்ந்த, பூச்சு இல்லாத மரம். ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எனாமல் பெயின்ட் அடித்த மரத்தில் வருவது மிகவும் குறைவு. கீழே நின்று பார்த்தால் தெரியும் பக்கம் மட்டும் போதாது. அடிப்பக்கம், வெட்டுமுனை எல்லாம் பூச வேண்டும். கழுக்கோலின் வெளிநுனிதான் முதலில் நனையும் இடம்.

5. கொட்டில், விறகுப்புரை போன்ற வெளி மரங்களுக்கு அண்டி ஓட்டு எண்ணெய் பூசலாம். வள்ளங்களுக்குப் பூசி வந்த பழைய முறைதான். தண்ணீர் இறங்காது. ஆனால் அண்டி ஆபீஸில் வேலை பார்க்கும் சகோதரிகளுக்குத் தெரியும், அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்து போகும். கையுறை போடாமல் தொடாதீர்கள். பிள்ளைகள் கை படும் இடத்தில், அடுக்களையில் பூச வேண்டாம்.

6. இந்த வேலைக்கு மாசி, பங்குனி நல்ல காலம். மரம் காய்ந்திருக்கும். மழை தொடங்கும் முன் முடித்துவிடலாம்.

செய்யக் கூடாதவை

* தீ வைக்காதீர்கள். உள்ளே இருப்பது காய்ந்த தூள். கங்கு பிடித்தால் வெளியே தெரியாமல் புகைந்து இரவில் எரியும்.
* தோட்டத்துப் பூச்சிமருந்தை வீட்டுக்குள் அடிக்காதீர்கள். தலைக்கு மேலே அடிப்பது நம் முகத்திலும் சோற்றுப் பானையிலும்தான் விழும். மருந்தடித்த துளை திறந்தே கிடந்தால் அடுத்த வண்டு வரும். மருந்துச் செலவும் வீண்.
* ஸ்டூல்மேல் ஸ்டூல் வைத்து ஏறாதீர்கள். ஏணியைப் பிடிக்க ஒருவர் வேண்டும். வண்டு கொட்டுவதைவிட விழுந்து இடுப்பு ஒடிவதுதான் பெரிய கஷ்டம்.

ஒருவேளை கொட்டிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வையுங்கள். கொடுக்கு தோலில் தங்காது, தோண்ட வேண்டாம். முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

கொல்லாமல் ஏன் விட வேண்டும்?

"தொல்லைதானே, கொன்னா என்ன?" என்று கேட்பீர்கள். நம்ம வீட்டுத் தோட்டத்தைப் பாருங்கள். கத்தரிப்பூவின் மகரந்தம் சின்னப் பைக்குள் அடைபட்டிருக்கும். பூவைப் பிடித்து அதிர வைத்தால்தான் நன்றாக உதிரும். கருவண்டு அப்படித்தான் உடம்பை அதிர வைத்து உதிர்க்கும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீயால் அது முடியாது. முருங்கைப் பூவுக்கும் துவரைப் பூவுக்கும் இது முக்கியமான விருந்தாளி. பேஷன் பழத்தின் பூ பெரியது, சின்னத் தேனீக்கு எட்டாது, கருவண்டின் முதுகில்தான் மகரந்தம் ஒட்டும். பிரேசில் நாட்டில் பேஷன் பழ விவசாயிகளுக்காகக் கருவண்டுக்கு என்றே மரக்கூடு செய்து தோட்டத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது. தேனீயால் குடும்பம் நடத்தும் சகோதரிகள் நம்ம கூட்டமைப்பிலேயே இருக்கிறார்கள். துளைக்கு ஊற்றும் மருந்து கருவண்டோடு நிற்காது, பெட்டித் தேனீயையும் கொல்லும்.

வண்டுக்கு வேறு இடம் கொடுக்கலாம். பட்டுப்போன மரத்துண்டு ஒன்றையும், ஒரு முனை திறந்த மூங்கில் துண்டுகள் சிலவற்றையும் வீட்டை விட்டுத் தள்ளி, தோட்டத்து மூலையில் மழை படாமல் கட்டித் தொங்கவிடுங்கள். வீட்டு மரம் பெயின்டால் மூடிக் கிடக்க, இங்கே சும்மா இடம் கிடைத்தால், அது இங்கே தங்க வாய்ப்பு உண்டு.

குழுவில் என்ன செய்யலாம்?

இதை அடுத்த கூட்டத்தில் வாசித்துப் பேசுங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் உறுப்பினர்களின் வீட்டு மரங்களை ஒருமுறை பார்த்துக் குறித்து வைக்கலாம். ஐந்தாறு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரே நாளில் ஓர் ஆசாரியைக் கூப்பிட்டால் கூலி பங்காகும். பெயின்டையும் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். ஏணி ஒன்று போதும். தனியாக இருக்கும் வயதான அம்மாக்கள் வீட்டை முதலில் முடித்துக் கொடுங்கள்.

வீடு பழுதுபார்க்க உள்கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம், "மரத்தைத் தட்டிப் பாத்தியாக்கா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். உண்மையிலேயே மரம் இற்றுப் போயிருந்தால் தயங்காமல் கடன் கொடுங்கள், அது உயிர் காக்கும் செலவு. மரம் உறுதியாக இருந்தால் கொஞ்சம் ஸ்டீல் நாரும், ஓர் ஆப்பும், ஒரு டப்பா பெயின்டும் போதும். மிஞ்சும் பணம் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும்.